சூடான கலத்துக்குள் நிக்கல் எங்கே போகிறது? மின்முனைத் தேய்வைப் படிப்படியாகக் கண்டுபிடிக்கும் வழி

800 டிகிரி செல்சியஸில் ஆயிரம் மணி நேரம் ஓடிய, நீராவியை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் ஒரு திட ஆக்சைடு மின்னாற்பகுப்புக் கலத்தை உலையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். ஹைட்ரஜனில் ஒடுக்கி முடித்த, அதாவது நிக்கல் ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கிய, புதுக் கலத்துக்கும் அதற்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. அதே சாம்பல் நிறத் தகடுதான். ஆனால் அதே அளவு ஹைட்ரஜன் தருவதற்கு அது இப்போது கூடுதல் மின்னழுத்தம் கேட்கிறது. அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தத் துறையில் பலருடைய பல வருட வேலை.

மின்னழுத்தம் எத்தனை மில்லிவோல்ட் கூடியது என்ற எண்ணோடு பல அறிக்கைகள் நின்றுவிடுகின்றன. அது போதாது என்பது என் உறுதியான எண்ணம். அந்த எண் நோயின் அளவைத்தான் சொல்கிறது. நோய் எங்கே இருக்கிறது, எதனால் வந்தது என்பது மின்முனையின் நுண்ணமைப்பில் எழுதியிருக்கிறது. அதை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதை, ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் கலத்தின் உள்ளே ஒரு பார்வை

கலத்தின் நடுவில் மின்பகுளி. 8 மோல் சதவீதம் இட்ரியா கலந்த சிர்கோனியா. ஆய்வகத்தில் ஒய்எஸ்ஸெட் என்போம். ஆக்சிஜன் அயனி மட்டும்தான் இதன் வழியே போகும். ஒரு பக்கம் நிக்கலும் ஒய்எஸ்ஸெட்டும் கலந்த நுண்துளை மின்முனை. நீராவி இங்கே வந்து எலக்ட்ரான் வாங்கி ஹைட்ரஜனாகும். பிரிந்த ஆக்சிஜன் அயனி மின்பகுளியைக் கடந்து மறுபக்கம் போய், அங்கே எலக்ட்ரானை விட்டுவிட்டு ஆக்சிஜன் வாயுவாக வெளியேறும். அந்தப் பக்க மின்முனை பெரும்பாலும் லாந்தனம் ஸ்ட்ரான்சியம் மாங்கனைட், அதாவது எல்எஸ்எம். அல்லது இரும்பும் கோபால்ட்டும் சேர்ந்த எல்எஸ்சிஎஃப். எல்எஸ்சிஎஃப் சிர்கோனியாவோடு வினைபுரியும் என்பதால் இரண்டுக்கும் நடுவே கடோலினியா கலந்த சீரியாவில், அதாவது சீரியம் ஆக்சைடில், ஒரு மெல்லிய தடுப்பு அடுக்கு வைப்பார்கள்.

நீராவிப் பக்கத்தில் வினை எல்லா இடத்திலும் நடக்காது. எலக்ட்ரான் கொண்டுவரும் நிக்கல், அயனியைக் கொண்டுபோகும் ஒய்எஸ்ஸெட், நீராவி வந்துபோகும் துளை என்ற மூன்றும் ஒன்றையொன்று தொடும் கோட்டில்தான் நடக்கும். நம் ஊர் வார்த்தையில் அது முச்சந்தி. இந்தக் கட்டுரை முழுக்க அதை முச்சந்திக் கோடு என்றே சொல்கிறேன். இத்தகைய ஒரு நிக்கல் மின்முனையை 2006-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு முதன்முதலில் முப்பரிமாணத்தில் மீட்டமைத்தபோது, ஒரு கன மைக்ரோமீட்டருக்குள் சுமார் 4.3 மைக்ரோமீட்டர் நீளம் முச்சந்திக் கோடு இருப்பதைக் கணக்கிட்டது. வினை பெரும்பாலும் நடப்பது மின்பகுளியை ஒட்டிய 10 மைக்ரோமீட்டர் தடிமனில் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் கலத்துக்குள் 4.3 கிலோமீட்டர் கோடு! தேய்வு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தக் கிலோமீட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போவதுதான்.

கோடு மட்டும் இருந்தாலும் போதாது. அந்த நிக்கல் துகள் பக்கத்துத் துகளோடு தொட்டு, அது அடுத்ததோடு தொட்டு, வெளி மின்கம்பி வரை தொடர்பு இருக்க வேண்டும். ஒய்எஸ்ஸெட்டுக்கும் துளைக்கும் இதே விதிதான். தொடர்பு அறுந்த துகள் இருந்தும் இல்லாததுபோல.

படி 1: ஓட்டத் தொடங்கும் முன்பே இரட்டைக் கலத்தை எடுத்து வையுங்கள்

ஒரே தொகுப்பில், ஒரே நாளில் சுட்டெடுத்த இன்னொரு கலம் உங்களிடம் இருக்க வேண்டும். அதையும் அதே வெப்பநிலையில் ஹைட்ரஜனில் ஒடுக்கி, மின்னோட்டம் எதுவும் செலுத்தாமல் குளிரவைத்து எடுத்து வையுங்கள். நிக்கல் ஆக்சைடு நிக்கலாக மாறும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது, அந்த இடமெல்லாம் துளையாகிறது. ஆகவே ஒடுக்காத பச்சைநிறக் கலத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே தேய்வாகத் தெரியும்.

முடிந்தால் மூன்றாவதாக ஒரு கலம்: அதே சூடு, அதே நீராவி, அதே மணி நேரம், ஆனால் மின்னோட்டம் கிடையாது. சூட்டால் வந்தது எது, மின்னோட்டத்தால் வந்தது எது என்று பிரிக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. செலவைக் காட்டி இதை வேண்டாம் என்பார்கள். விடாதீர்கள். நான் முதன்முதலில் ஆய்வு செய்த கலத்துக்கு இரட்டை இல்லை. நிக்கல் துகள்கள் பெரிதாக இருந்தன. ஆனால் தொடக்கத்திலேயே அப்படித்தான் இருந்தனவா என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. பல மாத ஓட்டத்தின் பலன் அந்த ஒரு கேள்வியில் நின்றுபோனது.

படி 2: ஓட்டத்தின் நாட்குறிப்பு

வெப்பநிலை, மின்னோட்ட அடர்த்தி, நீராவி எத்தனை சதவீதம், அதில் எவ்வளவு ஹைட்ரஜனாக மாறியது, வாயு உருளை மாற்றிய நேரம், மின்சாரம் போன நேரம், நீராவி ஓட்டம் துள்ளிய நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கணினி பதிவு செய்யும் என்று இருந்துவிடக் கூடாது. உலைக்குள் வாயு கசியாமல் அடைக்க எந்தக் கண்ணாடி முத்திரை, எந்த எஃகு, எந்தக் குழாய் என்பதும் இதில் வர வேண்டும். ஏன் என்பது கீழே சிலிக்கா பற்றிப் பேசும்போது புரியும்.

படி 3: மின்னழுத்தக் கோட்டைப் படிப்பது

மின்னோட்டத்தை மாற்றாமல் பிடித்துக்கொண்டு, மின்னழுத்தம் நாளாக நாளாக எப்படி ஏறுகிறது என்று பார்ப்பதுதான் வழக்கம். சதவீதக் கணக்கு ஏமாற்றும். மில்லிவோல்ட்டை மின்னோட்ட அடர்த்தியால் வகுத்து மின்தடையாக மாற்றுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியரில் ஆயிரம் மணி நேரத்துக்கு 10 மில்லிவோல்ட் ஏறினால், கூடிய மின்தடை 10 மில்லிஓம் சதுர சென்டிமீட்டர். அப்போதுதான் வேறு மின்னோட்டத்தில் ஓடிய கலத்தோடு இதை ஒப்பிட முடியும்.

இந்த எண்ணின் அருமையை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். 800 டிகிரியில் வெப்பச் சமநிலை மின்னழுத்தம் சுமார் 1.29 வோல்ட்; அதாவது வெளியிலிருந்து சூடும் வேண்டாம், மிச்சச் சூடும் வராது. கலம் 1.20 வோல்ட்டில் தொடங்கினால் அந்த எல்லையைத் தொட 90 மில்லிவோல்ட் இடமிருக்கிறது. ஆயிரம் மணிக்கு 10 என்றால் 9,000 மணி நேரத்தில், ஒரு வருடத்துக்குச் சற்று மேலே, இடம் தீர்ந்துவிடும். ஐந்து வருடம் ஓட வேண்டுமென்றால் ஆயிரம் மணிக்கு சுமார் 2 மில்லிவோல்ட்தான் ஏறலாம்.

இது எட்டாக்கனி அல்ல. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் 2007-இல் தொடங்கிய ஒரு திட ஆக்சைடு எரிபொருள் கல அடுக்கு 2019 வரை 1,00,000 மணி நேரத்தைத் தாண்டி வேலை செய்தது. ஆனால் அது எரிபொருளை வாங்கி மின்சாரம் தரும் திசையில் ஓடியது. மின்னாற்பகுப்புத் திசையில் கார்ல்ஸ்ரூவில் ஒரு தனிக் கலம் 23,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. திசை மாறினால் தேய்வும் மாறும் என்பதை மனதில் வையுங்கள். இந்தக் கதையின் முடிச்சே அங்கேதான்.

இன்னொரு எச்சரிக்கை. 1.29 வோல்ட்டுக்குக் கீழே ஓடும் கலம் சுற்றியிருக்கும் உலையைவிடக் குளிர்ச்சியாக இருக்கும், ஏனென்றால் வினை சூட்டை உறிஞ்சுகிறது. கலம் தேயும்போது மின்தடை கூடும், மின்தடை கூடினால் சூடு பிறக்கும், சூடு கூடினால் மின்பகுளி நன்றாகக் கடத்தும். அதாவது தேய்வு தன்னைத்தானே கொஞ்சம் மறைத்துக்கொள்கிறது. கலத்துக்கு அருகிலேயே வெப்பநிலை அளக்கும் வெப்ப இணை வைத்து, அந்த வெப்பநிலையையும் மின்னழுத்தத்தோடு சேர்த்து வரையுங்கள். கோடு தட்டையாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் இதைப் பாருங்கள்.

படி 4: இம்பீடன்ஸ் எடுத்துப் பிரிப்பது

மாறுதிசை மின்னோட்டச் சமிக்ஞையை, அதிர்வெண்ணை மாற்றி மாற்றிச் செலுத்தி எடுக்கும் அளவீடு இது. கலத்தைத் திறக்காமல் உள்ளே பார்க்க நமக்கிருக்கும் ஒரே ஜன்னல். இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று, உயர் அதிர்வெண்ணில் கிடைக்கும் நேர் மின்தடை. மின்பகுளி, இடைமுகங்கள், தொடுப்புகள் இதில் சேரும். இன்னொன்று, அதற்கு மேலே வரும் வினைத்தடை. மின்முனைகளில் நடக்கும் வேலையின் சுமை.

வினைத்தடையில் எது நீராவிப் பக்கம், எது ஆக்சிஜன் பக்கம் என்று பிரிக்க ஒரு எளிய உத்தி இருக்கிறது. ஒரு பக்க வாயுவை மட்டும் மாற்றுங்கள், மறுபக்கத்தைத் தொடாதீர்கள். இம்பீடன்ஸ் வரைபடத்தில் எந்த வளைவு அசைகிறதோ அது அந்தப் பக்கத்துடையது. தளர்வு நேரப் பரவல் என்ற கணக்குமுறை வளைவுகளைத் தனித்தனி முகடுகளாகப் பிரித்துக் காட்டும். பொதுவாக நிக்கல் மின்முனையின் முகடு கிலோஹெர்ட்ஸ் பகுதியிலும், வாயு மாற்றத்தின் முகடு சில ஹெர்ட்ஸ் பகுதியிலும், ஆக்சிஜன் மின்முனை இடையிலும் வரும். இந்த எல்லைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் கலத்தில் வாயுவை மாற்றித்தான் உறுதி செய்ய வேண்டும்.

இரண்டு எண்களும் ஒரே விகிதத்தில் ஏறினால், வேலை செய்யும் பரப்பே குறைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம், மின்முனை பெயர்ந்திருக்கலாம். வினைத்தடை மட்டும் ஏறினால் முச்சந்திக் கோடு குறைந்திருக்கலாம், அல்லது அழுக்கு மூடியிருக்கலாம். நேர் மின்தடை மட்டும் ஏறினால்? அங்கேதான் சிக்கல். குறைந்தது நான்கைந்து காரணங்கள் அந்த ஒரே எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சந்தேக நபர்கள்

முதலாவது நிக்கல். உருகுநிலை 1455 டிகிரி. கெல்வினில் பார்த்தால் 800 டிகிரி என்பது உருகுநிலையின் 62 சதவீதம். அந்தச் சூட்டில் நிக்கல் அணுக்கள் மேற்பரப்பில் தாராளமாக நகரும். சின்னத் துகள் கரைந்து பெரிய துகளில் சேரும், மேற்பரப்பு ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். இந்தப் பருத்தல் முதல் சில நூறு மணி நேரத்தில் வேகமாக நடந்து, பிறகு மெதுவாகும். ஒய்எஸ்ஸெட் எலும்புக்கூடுபோல நின்று அதைத் தடுத்துப் பிடிக்கிறது. பழக்கமான, எதிர்பார்த்த தேய்வு இது. இதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டாம்.

தூக்கத்தைக் கெடுப்பது நிக்கலின் இடப்பெயர்ச்சி. மின்னாற்பகுப்புத் திசையில், அதிக மின்னோட்டத்தில், நிக்கல் மின்பகுளியை விட்டு விலகிப் போகிறது. எங்கே அது மிகவும் தேவையோ அந்த முதல் சில மைக்ரோமீட்டரைக் காலி செய்துவிட்டு, பின்னால் போய்ச் சேர்கிறது. டென்மார்க்கின் ரிசோ வளாகத்தில் நடந்த நீண்ட ஓட்டங்களிலும், யூலிஷிலும், வேறு பல ஆய்வகங்களிலும் இதைப் பார்த்துவிட்டார்கள். மின்சாரம் தரும் திசையில் ஓடும் கலத்தில் இப்படிப்பட்ட விலகல் தெரிவதில்லை.

ஏன் போகிறது? இன்னும் விவாதம் ஓயவில்லை. நீராவியோடு சேர்ந்து நிக்கல் ஹைட்ராக்சைடாக ஆவியாகி, அல்லது மேற்பரப்பிலேயே ஊர்ந்து, மின்னழுத்த வேறுபாடு காட்டும் திசையில் நகர்கிறது என்பது ஒரு விளக்கம். மின்னழுத்தம் மாறும்போது நிக்கல் ஒய்எஸ்ஸெட்டை ஈரப்படுத்தும் தன்மையே மாறுகிறது, தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டாமல் உருண்டு விலகுகிறது என்பது இன்னொன்று. பல இடங்களில் முதலில் தொடர்பு அறுவதும் பிறகு விலகுவதும் அடுத்தடுத்து நடப்பதாகப் படங்கள் காட்டுவதால், இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

விளைவைக் கவனியுங்கள். நிக்கல் 5 மைக்ரோமீட்டர் பின்வாங்கினால், வினை நடக்கும் இடமும் 5 மைக்ரோமீட்டர் பின்வாங்கும். அயனி இப்போது அந்தக் கூடுதல் தூரத்தை மெலிந்த, துளைகளுக்கு நடுவே வளைந்து போகும் ஒய்எஸ்ஸெட் வழியே கடக்க வேண்டும். மின்பகுளி தடித்துப்போனதற்குச் சமம். ஆகவே நேர் மின்தடை ஏறும். கெட்டது மின்முனை, பழி விழுவது மின்பகுளியின் மேல். இம்பீடன்ஸ் மட்டும் பார்த்துவிட்டு மின்முனை நன்றாக இருக்கிறது என்று எழுதியவர்கள் உண்டு.

இரண்டாவது, அழுக்கு. முச்சந்திக் கோடு மிகக் குறுகிய இடம், அதை மூட மிகக் கொஞ்சம் அழுக்கு போதும். கண்ணாடி முத்திரையிலிருந்து சிலிக்கா, நீராவியோடு சேர்ந்து ஆவியாகி, மின்முனையில் மறுபடி படிகிறது. 2000-களில் ரிசோவில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நுழைவாயுவில் துளியூண்டு கந்தகம் இருந்தாலும் நிக்கல் மேற்பரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். வாயுவைச் சுத்தம் செய்ததும் தேய்வு குறைந்த ஓட்டங்கள் இருக்கின்றன. ஆகவே நிக்கலைக் குறை சொல்லும் முன் உங்கள் குழாயைச் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, நிக்கல் மறுபடி ஆக்சைடாவது. நிக்கல் ஆக்சைடாகும்போது கன அளவு 1.7 மடங்காகிறது. ஒய்எஸ்ஸெட் எலும்புக்கூடு அந்த வீக்கத்தைத் தாங்காமல் விரிசல் விடும். ஹைட்ரஜன் ஒரு முறை நின்றாலே போதும். செவ்வாய்க் கோளில் பெர்சிவரன்ஸ் ஊர்தியோடு போன மாக்சி கருவி இந்த ஆபத்தோடுதான் வாழ்ந்தது. அதுவும் 800 டிகிரியில் ஓடும் திட ஆக்சைடு மின்னாற்பகுப்புக் கருவிதான். நீராவிக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு. தூய கார்பன் டை ஆக்சைடு நிக்கலை ஆக்சைடாக்கிவிடும் என்பதால், வெளிவரும் கார்பன் மோனாக்சைடில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே விட்டார்கள். அது அதிகமானாலோ கார்பன் கரியாகத் துளைகளில் படியும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒடுங்கிய பாதையில் 2021 ஏப்ரல் 20 அன்று முதன்முறையாக 5.4 கிராம் ஆக்சிஜன் எடுத்தது. 2023-இல் ஓய்வு பெறும் வரை 16 ஓட்டங்களில் மொத்தம் 122 கிராம். ஒவ்வொரு ஓட்டமும் ஒரு முழுச் சூடேற்றமும் குளிர்தலும் என்பதை நினைத்தால் அந்தக் கலங்களின் மேல் மரியாதை வருகிறது. இந்தக் கனவின் பழைய பக்கங்களில் திருச்சி வட்டாரப் பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ஸ்ரீதரும் இருக்கிறார். செவ்வாயில் ஆக்சிஜன் எடுக்கும் கலங்களை அரிசோனாவில் ஆராய்ந்தவர், பிறகு அதே பொருள்களை வைத்து ப்ளூம் எனர்ஜி என்ற எரிபொருள் கல நிறுவனத்தைத் தொடங்கினார்.

நான்காவது, மறுபக்கம். ஆக்சிஜன் மின்முனையின் இடைமுகத்தில் ஆக்சிஜன் வெளியேற முடியாமல் திணறும்போது அங்கே அழுத்தம் ஏறுகிறது. எவ்வளவு என்று நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: 800 டிகிரியில் ஒவ்வொரு 53 மில்லிவோல்ட் மிகை மின்னழுத்தமும் (வினையைத் தள்ளச் சமநிலைக்கு மேல் கொடுப்பது) ஆக்சிஜன் அழுத்தத்தைப் பத்து மடங்காக்கும். 160 மில்லிவோல்ட் என்றால் ஆயிரம் மடங்கு, காற்றின் 0.21 வளிமண்டலம் 200 வளிமண்டலத்துக்குச் சமமாகிறது. யூட்டா பல்கலைக்கழகத்தின் அனில் விர்க்கர் 2010-இல் இந்த உள் அழுத்தம் எப்படி மின்முனையைப் பெயர்க்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அதே ஆண்டில் ரிசோ குழு, அதிக மின்னோட்டத்தில் ஓடிய கலங்களின் ஒய்எஸ்ஸெட் துகள் எல்லைகளிலேயே குமிழிகள் வரிசையாக நிற்பதைப் படமெடுத்தது. எல்எஸ்எம் கலங்களில் இந்தத் தொல்லை அதிகம். எல்எஸ்சிஎஃப் அயனியையும் கடத்துவதால் தப்பிக்கிறது. ஆனால் அதிலிருந்து ஸ்ட்ரான்சியம் நழுவி, தடுப்பு அடுக்கின் துளைகளைக் கடந்து, சிர்கோனியாவோடு சேர்ந்து ஸ்ட்ரான்சியம் சிர்கோனேட்டாகப் படிகிறது. அது அயனியைக் கடத்தாது. மறுபடியும் நேர் மின்தடை!

எஃகிலிருந்து ஆவியாகி வரும் குரோமியம் ஐந்தாவது. ஈரக் காற்றில் இது இன்னும் மோசம். மாங்கனீஸ் கோபால்ட் பூச்சு போட்டால் பெருமளவு அடங்கும்.

படி 5: சரியாகக் குளிரவைத்து எடுப்பது

மின்னோட்டத்தை நிறுத்தி, நீராவியை நிறுத்தி, நைட்ரஜனோடு கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்த உலர்ந்த வாயுவில், நிமிடத்துக்கு ஒன்று இரண்டு டிகிரி வீதம் குளிரவையுங்கள். இங்கே அவசரப்பட்டால் நீங்கள் பார்க்கப்போவது ஓட்டத்தின் தேய்வை அல்ல, நிறுத்தியதன் சேதத்தை.

கலத்தை நுழைவாயில், நடு, வெளிவாயில் என்று மூன்று துண்டாகப் பிரித்து, எது எது என்று உடனே குறியிடுங்கள். நுழைவாயிலில் நீராவி அதிகம், மின்னோட்ட அடர்த்தியும் பொதுவாக அதிகம். அழுக்கும் முதலில் இறங்கும் இடம் அதுதான். நடுத்துண்டை மட்டும் பார்த்துவிட்டு முழுக் கலத்துக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.

படி 6: துண்டைத் தயார் செய்வது

ஒவ்வொரு இடத்திலும் ஒரு துண்டைக் கையால் உடைத்து, உடைந்த முகத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். துகள் எல்லைக் குமிழிகள் உடைந்த முகத்தில்தான் நன்றாகத் தெரியும், மெருகேற்றினால் அழிந்துபோகும். இன்னொரு துண்டை வெற்றிடத்தில் எபாக்சி பிசின் ஊட்டி, அறுத்து, வைரப் பசையால் 1 மைக்ரோமீட்டர் வரை மெருகேற்றுங்கள்.

கடைசி மெருகுக்குச் சிலிக்காக் கரைசல் வேண்டாம். முதல் தடவை நான் அதைத்தான் போட்டேன். துளை ஓரமெல்லாம் சிலிக்கான் தெரிந்தது, முத்திரையிலிருந்து வந்தது என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அதே மாதிரி ஸ்ட்ரான்சியம் சேர்மங்களில் சில தண்ணீரில் கரையும். ஆக்சிஜன் பக்கத்துக்குத் தண்ணீர் இல்லாத மசகு பயன்படுத்துங்கள்.

இடைமுகத்தில் விரிசல் கண்டால் அதற்குள் பிசின் இருக்கிறதா பாருங்கள். பிசின் இருந்தால் விரிசல் பிசின் ஊட்டும் முன்பே இருந்தது. வெறுமையாக இருந்தால் அது பெரும்பாலும் அறுக்கும்போது நீங்கள் உண்டாக்கியது. பிசின் இருந்தாலும் குளிரும்போது வந்த விரிசலாக இருக்கலாம். இரட்டைக் கலத்திலும் அதே விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது அதற்குத்தான்.

படி 7: எலக்ட்ரான் நுண்ணோக்கியில்

முதலில் சின்ன உருப்பெருக்கம். மின்பகுளியை ஒட்டிய பட்டையில் நிக்கல் குறைந்திருக்கிறதா, மின்முனை பெயர்ந்திருக்கிறதா, தடுப்பு அடுக்கு முழுசாக இருக்கிறதா. அப்புறம் உள்ளே போங்கள்.

இங்கே ஓர் அழகான உத்தி உண்டு. எலக்ட்ரான் கற்றையின் மின்னழுத்தத்தைச் சுமார் 1 கிலோவோல்ட்டுக்குக் குறைத்து, வில்லைக்குள் இருக்கும் உணரியால் பாருங்கள். வெளித்தொடர்பு உள்ள நிக்கல் பளிச்சென்று தெரியும், தொடர்பு அறுந்த நிக்கல் மங்கிப்போகும். ஒரே படத்தில் வேலை செய்யும் நிக்கலும் வேலையற்றுக் கிடக்கும் நிக்கலும் பிரிந்து நிற்கும். இதை முதலில் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை வெறும் எண்ணாக இருந்த தேய்வுக்கு உருவம் கிடைத்தது.

சிலிக்கான், குரோமியம், ஸ்ட்ரான்சியம், கந்தகம் எங்கே இருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர் பகுப்பாய்வில் வரைபடமாக எடுங்கள். ஸ்ட்ரான்சியம், சிலிக்கான் உச்சிகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழும் என்பதால் ஆக்சிஜன் பக்கத்தில் அவசர முடிவு வேண்டாம். கந்தகமோ ஓர் அணு அடுக்கு அளவில்கூடக் கெடுதல் செய்யும். இந்த முறையில் தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது.

படி 8: முப்பரிமாணத்தில் எண்ணுவது

தட்டையான படத்தில் தொடர்பை முழுதாக அறிய முடியாது. அயனிக் கற்றையால் சில பத்து நானோமீட்டர் சீவி, படமெடுத்து, மறுபடி சீவி, நூற்றுக்கணக்கான படங்களை அடுக்கி ஒரு கட்டி உருவாக்க வேண்டும். துகள்கள் ஒரு மைக்ரோமீட்டர் அளவென்றால் கட்டியின் பக்கம் குறைந்தது 10 மைக்ரோமீட்டராவது இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் ஒரு பெரிய துகள் விழுந்தாலே கணக்கு மாறிவிடும்.

நிக்கல், ஒய்எஸ்ஸெட், துளை என்று ஒவ்வொரு புள்ளிக்கும் பெயரிடும் வேலையில்தான் தவறுகள் நுழைகின்றன. இரட்டைக் கலத்துக்கும் ஓடிய கலத்துக்கும் ஒரே ஆள், ஒரே அளவுகோல். பிறகு நான்கு எண்கள் எடுங்கள்: நிக்கலின் பங்கு, துகள் அளவு, மொத்த முச்சந்திக் கோடு, தொடர்புள்ள முச்சந்திக் கோடு. எல்லாவற்றையும் மின்பகுளியிலிருந்து எவ்வளவு தூரம் என்ற அச்சில் வரையுங்கள். மொத்தச் சராசரி எடுத்தால் இடப்பெயர்ச்சி கண்ணில் படவே படாது. முன்னால் குறைந்தது பின்னால் கூடிச் சமமாகிவிடும்.

படி 9: இரண்டு சாட்சிகளையும் சேர்ப்பது

நுண்ணோக்கியில் 5 மைக்ரோமீட்டர் பட்டை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டையின் ஒய்எஸ்ஸெட் பங்கு, அயனி போகும் பாதையின் வளைவு, அந்த வெப்பநிலையில் கடத்துத்திறன் மூன்றையும் வைத்து அது எவ்வளவு நேர் மின்தடை கூட்டும் என்று கணக்கிடுங்கள். இம்பீடன்ஸ் சொன்ன கூடுதலோடு ஒப்பிடுங்கள். பாதிதான் வருகிறதென்றால் மீதிக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஆக்சிஜன் பக்கம் போய் குமிழிகளையும் ஸ்ட்ரான்சியம் சிர்கோனேட்டையும் தேடுங்கள். கண்ணில் பட்ட முதல் சேதத்தின் மேல் முழுப் பழியையும் போடுவதுதான் இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் பிழை.

மின்னோட்டமில்லாத மூன்றாவது கலத்தில் நிக்கல் பருத்திருக்கிறது ஆனால் விலகவில்லை என்றால், விலகல் மின்னோட்டத்தின் வேலை என்பது உறுதி.

படி 10: மருந்து

காரணத்துக்கேற்பத்தான் மருந்து. அழுக்கு என்றால் வாயுச் சுத்திகரிப்பு, சிலிக்கா குறைந்த முத்திரை. ஸ்ட்ரான்சியம் என்றால் துளையில்லாத தடுப்பு அடுக்கு. நிக்கல் விலகல் என்றால் முதலில் மின்னோட்ட அடர்த்தியைக் குறைத்துப் பாருங்கள். நிக்கல் மின்முனையின் மிகை மின்னழுத்தம் குறைந்தால் விலகலும் பெரும்பாலும் குறைகிறது. நுண்ணிய சீரியா துகள்களை மின்முனைக்குள் ஊட்டினால் வினை எளிதாகி அதே பலன் கிடைப்பதை டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் காட்டியிருக்கிறார்கள். நிக்கலுக்குப் பதில் சீரியாவே பாதி வேலையை ஏற்கும் மின்முனைகளும் வந்துவிட்டன. சீரியா எலக்ட்ரானையும் அயனியையும் சேர்த்துக் கடத்துவதால் அங்கே முச்சந்தியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2015-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முடிவு. தொடர்ந்து மின்னாற்பகுப்பில் வைத்தால் வேகமாகக் கெட்ட எல்எஸ்எம் கலத்தை, இடையிடையே திசை திருப்பி மின்சாரம் தரும் வேலையிலும் ஓட்டினார்கள். நாலாயிரம் மணி நேரத்துக்கு மேலாகியும் அந்தத் தேய்வு வரவில்லை. ஆக்சிஜன் பக்கத்தில் அழுத்தம் சேர்ந்து சேதமாக மாறும் முன்பே திசை மாற்றம் அதை அவிழ்த்துவிட்டது. வெயிலும் காற்றும் இருக்கும்போது ஹைட்ரஜன் எடுத்து, இல்லாதபோது அதே கலத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையத்துக்கு இந்த ஓட்டமுறை தானாகவே பொருந்துகிறது.

மருந்து கொடுத்த கலத்தையும் இதே பத்துப் படிகளில் நடத்திப் பார்க்க வேண்டும், புதிய இரட்டையோடு. பழைய கலத்தின் மீதித் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஈரம் படாத டப்பாவில், ஓடிய மணி நேரத்தையும் எந்த வாயில் துண்டு என்பதையும் எழுதி ஒட்டி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு கேள்வியோடு அதைத் தேடி வருவீர்கள்.